ஸ்வெட்டர் சுருங்காமல் வீட்டிலேயே துவைப்பது எப்படி?

அப்பாவுக்காக அம்மா கையால் பின்னிய ஸ்வெட்டர் ஒன்று எங்கள் ஊட்டி வீட்டில் இருந்தது. ஒருநாள் தெரியாமல் அதை மற்றத் துணிகளோடு வாஷிங் மெஷினில், சுடுதண்ணீரில் போட்டுவிட்டேன். வெளியே எடுத்தபோது ஐந்து வயதுப் பிள்ளைக்குத்தான் பொருந்தும் போலிருந்தது. பின்னலின் கண்கள் மூடிப்போய், துணி பலகைபோலத் தடித்திருந்தது. அம்மா திட்டவில்லை. கைப்பகுதியை மட்டும் விரலால் மெல்ல இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அது நீளவே இல்லை.

ஏன் அப்படி ஆனது என்று தெரிந்தால் துவைக்கும் முறை தானாகப் புரியும். கம்பளி என்பது ஆட்டின் முடி. நம் தலைமுடியைப் போலவே கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. ஒவ்வோர் இழையின் மேலும் மீன் செதில் மாதிரி நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீரில் நனைத்துத் தேய்க்கும்போது அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு இழைகளை நெருக்கி இறுக்கிவிடுகின்றன. சிக்கெடுக்காத தலை சடை பிடிக்கிறதே, அதேதான். சடை பிடித்த கம்பளி பழைய நிலைக்குத் திரும்பாது. அதனால் சூடு, தேய்ப்பு, காரமான சோப்பு மூன்றையும் கிட்டே விடக்கூடாது.

முதலில், உங்களிடம் இருப்பது கம்பளிதானா என்று பாருங்கள். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் ஸ்வெட்டர்களில் பெரும்பாலானவை அக்ரிலிக் என்ற செயற்கை இழை. லேபிள் கிழிந்துபோயிருந்தால் உள்தையலிலிருந்து ஒரு சின்ன நூலை எடுத்து, இடுக்கியில் பிடித்து, தண்ணீர் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் முடி கருகும் வாசனை வரும், சாம்பலை நசுக்கினால் பொடியாகிவிடும். அக்ரிலிக் உருகிக் கறுப்பு மணியாக இறுகிவிடும். அக்ரிலிக் இப்படிச் சடை பிடிக்காது என்றாலும், கீழே சொல்லும் முறையில் துவைத்தால் அதுவும் நன்றாக உழைக்கும்.

அடுத்தது சோப்பு. சாதாரணச் சலவைத்தூள் காரத்தன்மை உள்ளது. பலவற்றில் புரதக் கறையைக் கரைக்கும் என்சைமும் இருக்கிறது. கம்பளியே புரதம் என்பதால் அது இழையையும் அரிக்கும். பிளீச்சிங் பக்கமே போகாதீர்கள், கம்பளியைக் கரைத்துவிடும். கம்பளிக்கென்றே விற்கும் திரவ சோப்பு வாங்குங்கள். மளிகைக் கடையில் ‘ஈஸி’ என்று கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள். எனக்குப் பிடித்தது பூந்திக்கொட்டை. ஏழெட்டுக் காய்களை உடைத்து, உள்விதையை நீக்கி, இரவே ஊறவைத்து, காலையில் பிசைந்து வடிகட்டினால் போதும். வெள்ளை ஸ்வெட்டருக்கு மட்டும் வேண்டாம், லேசாகப் பழுப்பேறலாம்.

நனைப்பதற்கு முன் இஞ்ச் டேப்பால் மார்பு அகலம், நீளம், கை நீளம் மூன்றையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். காயவைக்கும்போது தேவைப்படும்.

இனி துவைக்கலாம். ஸ்வெட்டரை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்புங்கள். அகலமான மூன்று பாத்திரங்களில் ஒரே சூட்டில் தண்ணீர் பிடித்து வையுங்கள். 30 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகவேண்டாம். மணிக்கட்டின் உள்பக்கம் தொட்டால் சுட்டதாகவே தெரியக்கூடாது. மூன்றையும் முன்கூட்டியே நிரப்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊரில் பலர் வெதுவெதுப்பாகத் துவைத்துவிட்டு, அலசும்போது ஐஸ் மாதிரி வரும் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். சூடு திடீரென மாறுவதும் கம்பளிக்கு ஆகாது.

முதல் பாத்திரத்தில் சோப்பைக் கலக்கி, ஸ்வெட்டரை அமுக்கி நனையவிட்டு, பத்து நிமிடம் ஊறவையுங்கள். பிறகு உள்ளங்கையால் அமுக்கி விடுங்கள், அமுக்கி விடுங்கள், அவ்வளவுதான். கழுத்திலும் கைமுனையிலும் அழுக்கு இருந்தால் அங்கே கொஞ்சம் சோப்பை நேராக வைத்துத் தட்டினால் போதும், பிரஷ் போடக்கூடாது. வெளியே எடுக்கும்போது தோளைப் பிடித்துத் தூக்காதீர்கள். ஈரக் கம்பளி கனமானது, தன் எடையிலேயே தொங்கி நீண்டுவிடும். குளிப்பாட்டிய குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கைகளையும் அடியில் கொடுத்து எடுங்கள். மற்ற இரண்டு பாத்திரங்களிலும் அதேபோல் அமுக்கி அலசுங்கள். கடைசித் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் விட்டால் தங்கிய சோப்பின் காரம் போகும்.

முறுக்கிப் பிழிவது கூடவே கூடாது. பெரிய பூத்துவாலை ஒன்றை விரித்து, அதன்மேல் ஸ்வெட்டரைப் பரப்பி, இரண்டையும் சேர்த்துப் பாய் போலச் சுருட்டி, மேலே முழங்காலால் அழுத்துங்கள். துவாலை தெப்பமாகிவிடும். இன்னொரு காய்ந்த துவாலையில் மறுபடி ஒருமுறை.

காயவைப்பதில்தான் அவசரம் கெடுக்கிறது. கொடியில் போட்டால் கைகள் முழங்கால்வரை நீளும், ஹேங்கரில் போட்டால் தோளில் கொம்பு முளைத்த மாதிரி புடைத்துக்கொள்ளும். கயிற்றுக் கட்டிலோ, வயர் பின்னிய கட்டிலோ சரியான இடம், அடியிலும் காற்று போகும். அதன்மேல் வெள்ளைத் துணி விரித்து, குறித்துவைத்த அளவுக்கு ஸ்வெட்டரைப் படுக்கையாகப் பரப்பித் தட்டிச் சரிசெய்யுங்கள். நிழல் வேண்டும், நல்ல காற்றும் வேண்டும். அரைநாள் கழித்துத் திருப்பிப் போடுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் எங்களுக்கு ஒன்றரை நாளில் காய்ந்துவிடும். ஜூன், ஜூலை மழையில் மூன்று நாள்கூட ஆகும். அப்போதும் கணப்புக்குப் பக்கத்திலோ ஹீட்டர் முன்னாலோ வைக்காதீர்கள், அறைக்குள் ஃபேன் போட்டுவிடுங்கள்.

காய்ந்ததா என்று உடம்புப் பகுதியைத் தொட்டு முடிவு செய்ய வேண்டாம். கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் காய்ந்தது போலவே தோன்றும். அக்குள் தையல், கழுத்துப் பட்டை, கைமுனை மூன்றும் கன்னத்தில் வைத்தால் ஜில்லென்று இருக்கக்கூடாது.

அப்புறம் மடித்து வையுங்கள். அந்துப்பூச்சியின் புழு வியர்வையும் கறையும் உள்ள துணியைத்தான் முதலில் தின்னும், எனவே ஒருமுறை போட்டதையும் துவைக்காமல் பெட்டியில் வைக்காதீர்கள். அந்துருண்டை போடுவதானால் துணியில் முடிந்து, ஸ்வெட்டர் மேல் படாமல் மூலையில் வையுங்கள். மாதம் ஒருமுறை வெளியே எடுத்து உதறி, மடிப்பை மாற்றி வையுங்கள்.