உள்ளூர் வரலாற்றுக்கு நிதி கேட்கும்போது வட ஆற்காட்டில் சறுக்கும் இடங்கள்

"வட ஆற்காட்டின் வரலாறும் பண்பாடும்" என்று தலைப்பு வைத்து நிதிக்கு விண்ணப்பிக்கும் நண்பர்களைப் பார்த்தால் எனக்குப் பதைப்பாக இருக்கும். இன்றைய வேலூர், திருவண்ணாமலை, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் எல்லாம் சேர்ந்த பழைய மாவட்டம் அது. ஆசை உண்மையானதுதான். ஆனால் ஒரே வருடத்தில் அதை யாராலும் முடிக்க முடியாது என்பது, விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

செங்கம் வட்டாரத்தில் எடுத்தனூர் நடுகல் ஒன்று உண்டு. முதலாம் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளுக்காகப் போராடி மாண்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல் அது. அவன் பக்கத்தில் ஒரு நாயும் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுத்திலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருடமாக அந்த நாயின் பெயர் கல்லில் இருக்கிறது. உள்ளூர் வரலாறு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் கல்தான். இந்த அளவுக்குக் கேள்வியைச் சுருக்குங்கள். நம் பக்கத்தில் பல நடுகற்கள் வேடியப்பன் என்ற பெயரில் இன்றும் பொங்கல் வாங்குகின்றன. உங்கள் ஒன்றியத்தில் அப்படி எத்தனை கற்கள் இருக்கின்றன, யார் கும்பிடுகிறார்கள், என்ன கதை சொல்கிறார்கள் என்று கேட்டாலே ஒரு வருட வேலை இருக்கிறது.

1806 ஜூலை 10 வேலூர்ப் புரட்சியைப் பற்றி எழுத நினைப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். கோட்டைக்குள் நடந்ததை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நீங்கள் புதிதாக எந்த ஆவணத்தைப் பார்க்கப்போகிறீர்கள் என்பது முதல் பத்தியிலேயே வரவேண்டும்.

அடுத்த சறுக்கல், இன்றைய வரைபடத்தை வைத்துக்கொண்டு பழைய ஆவணங்களைத் தேடுவது. 1911 வரை வட ஆற்காட்டின் தலைநகரமே சித்தூர்தான். அந்த ஆண்டு சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதே ஆண்டில்தான் சேலம் மாவட்டத்திலிருந்த திருப்பத்தூர் வட்டம் நம் பக்கம் வந்தது. 1989-இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆகவே வாணியம்பாடி, திருப்பத்தூர் பக்கத்துப் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் செய்திகளைச் சேலம் ஆவணங்களில் தேட வேண்டும். பழைய கல்வெட்டு அறிக்கையில் 'வட ஆற்காடு' என்று இருக்கும் ஊர் இன்று ஆந்திராவிலும் இருக்கலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போனால், ஒரு வாரம் உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு ரயிலேற வேண்டியதுதான்.

காலக்கணக்கில் நடக்கும் தவறு இன்னும் பெரிது. தெருக்கூத்தைப் பதிவு செய்ய நிதி கேட்பார்கள். திட்டம் ஆவணியில் தொடங்கி மாசியில் முடிவதாகப் போட்டிருப்பார்கள். திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் நடப்பதோ பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும். பகலில் பிரசங்கம், ராத்திரி முழுக்கக் கூத்து, கடைசியில் துரியோதனன் வீழ்வதைக் காட்டும் படுகளம், தீமிதி. அந்த மாதங்களை விட்டுவிட்டால், வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்துப் பாடச்சொன்ன பாட்டுகள்தான் மிஞ்சும். திரைக்குப் பின்னாலிருந்து வேஷம் வருவதும், கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் சனங்களோடு பேசுவதும் அதில் இருக்காது. நடுகல்லுக்கும் பருவம் உண்டு. கரும்போ நெல்லோ நிற்கும் வயலுக்குள் யாரும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. தை அறுவடைக்குப் பிறகு போங்கள்.

பணக்கணக்குக்கு வருகிறேன். எனக்கு மனம் ஆறாத இடம் இது. கேமரா வாடகை, கார், எடிட்டிங், அச்சு எல்லாவற்றுக்கும் தொகை போட்டிருப்பார்கள். விடிய விடிய ஆடும் கலைஞருக்கு மட்டும் 'சால்வை, நினைவுப்பரிசு' என்று ஒரு வரி இருக்கும். கூத்து வாத்தியாருக்கும், மத்தளக்காரருக்கும், முகவீணை என்ற குழல் ஊதுபவருக்கும், ஒப்பனைக்கும் கூலி போடுங்கள். வாத்தியார் எழுதிவைத்த நோட்டுப் புத்தகத்திலிருந்து பாட்டை எடுத்தால் அதற்கும் தனியாகப் போடுங்கள். நிகழ்த்துபவருக்குத் தன் நிகழ்ச்சியின் மேல் உரிமை உண்டு என்று பதிப்புரிமைச் சட்டமே சொல்கிறது, அதுவும் 50 ஆண்டுகளுக்கு. எங்கே வெளியிடப்போகிறோம், யூடியூபில் போடலாமா, எதை வெளியிடக் கூடாது என்பதைத் தமிழில் எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்குங்கள். ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுத ஒரு முழு நாள் பிடிக்கும். அந்த நாட்களுக்கும் சம்பளம் வேண்டும்.

கல்லைத் தொடும்போது கவனம். எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குகிறேன் என்று கம்பி பிரஷ், ஆசிட் எதையும் கொண்டுபோகாதீர்கள். எழுத்து தெரியவேண்டுமானால் காலையிலோ மாலையிலோ சாய்வெயிலில் படமெடுங்கள், அல்லது இருட்டில் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடியுங்கள். வேலூர்க் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அங்கே வேலை என்றால் அவர்களுடைய அனுமதி வேண்டும். பல கோயில்களுக்கு அறநிலையத் துறை. அனுமதிக் கடிதத்துக்கு மாதங்கள் ஆகலாம், அதையும் காலக்கணக்கில் சேருங்கள். பாதுகாக்கிறேன் என்று யார் வீட்டுச் சுவடியையும் தூக்கிக்கொண்டு வரவேண்டாம். வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள 75 ஆண்டு பழமையான சுவடி, 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்.

யாரிடம் கேட்பது என்பதிலும் குழப்பம் உண்டு. பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணத் திட்டம் பழைய ஆவணங்களை டிஜிட்டலாக்கத்தான் பணம் தருகிறது, மூலம் நம் நாட்டிலேயே இருக்க வேண்டும். புதிதாக நாடகம் போட அங்கே கேட்டால் விண்ணப்பம் வீண். மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் ஃபெல்லோஷிப்பில் 25 முதல் 40 வயது வரை ஒரு பிரிவு, அதற்கு மேல் வேறு பிரிவு. பெங்களூரில் இருக்கும் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் இந்திய மொழிகளில் எழுதிய விண்ணப்பத்தையும் ஏற்கிறது. இது தெரியாமல், கூத்தை உயிராக அறிந்தவர்கள் யாரிடமோ காசு கொடுத்து இங்கிலீஷில் எழுதி வாங்குகிறார்கள். எழுதியவருக்குக் கூத்து தெரியாது, கூத்து தெரிந்தவருக்கு விண்ணப்பத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது. தமிழில் எழுதுங்கள்.

வெளிநாட்டுப் பணம் என்றால் உங்கள் அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் புதுதில்லி ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையில் தொடங்கிய கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும். அதை இன்னொரு சங்கத்துக்குப் பிரித்துக் கொடுக்கவும் முடியாது. ஆடிட்டரிடம் இதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கடைசி மாதத்தை அறிக்கை எழுத மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். பாடியவர் வீட்டுக்கு ஒரு பென்டிரைவ், ஊர்ப் பள்ளிக்கும் கிளை நூலகத்துக்கும் அச்சுப் பிரதி, இரண்டு தனித்தனி ஹார்டு டிஸ்க்கில் நகல், ஒவ்வொரு ஃபைலிலும் ஊர், நாள், பாடியவர் பெயர். இத்தனைக்கும் பட்ஜெட்டில் இடம் விடுங்கள். பிறகு ஒரு சாயங்காலம் அம்மன் கோயில் எதிரே திரை கட்டி, எடுத்ததை அந்த ஊருக்கே போட்டுக் காட்டுங்கள். பெயரில், முறையில் பிழை இருந்தால் அங்கேயே எழுந்து சொல்வார்கள். நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள்.