அப்பாவின் வெண்பா நோட்டை ஈற்றடியிலிருந்து தொடர

அப்பா போன பிறகு வீட்டை ஒழிக்கும்போது அவர் வெண்பா (கண்டிப்பான இலக்கணம் கொண்ட மரபுப் பா) எழுதிய நோட்டுகள் பழைய பேப்பரோடு எடைக்குப் போய்விடுவது அடிக்கடி நடக்கிறது. அதைத் தடுப்பதுதான் முதல் வேலை. டைரி, கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம், மின் கட்டண ரசீது என்று அவர் கையெழுத்து எதில் இருந்தாலும் தனியே எடுத்து வையுங்கள். நோட்டுக்குள் செருகிய துண்டுத்தாளை அதே பக்கத்தில் விட்டுவிடுங்கள். பெரும்பாலும் அது அந்தப் பக்கத்துப் பாட்டுக்கான திருத்தமாகத்தான் இருக்கும்.

ரப்பர் பேண்டு, குண்டூசி, ஸ்டேப்ளர் பின் எல்லாவற்றையும் கழற்றுங்கள். துரு தாளை அரித்துவிடும். தூசியை உலர்ந்த மெல்லிய தூரிகையால் தட்டினால் போதும். ஈரத்துணி பட்டால் பேனா மை கரையும், வெயிலில் வைத்தால் வெளுக்கும். கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டினால் சில வருடத்தில் பசை பழுப்பேறி எழுத்தை மறைத்துவிடும். லேமினேஷன் கூடவே கூடாது, ஒட்டியதைப் பிறகு பிரிக்க முடியாது.

ஸ்கேன் செய்யும்போது வண்ணத்திலேயே, 300 டிபிஐ அளவில் எடுங்கள். மங்கிய பென்சில் எழுத்துக்கு 600. கறுப்பு வெள்ளையில் எடுத்தால் மெல்லிய கோடுகள் காணாமல் போகும். வெற்றுப் பக்கத்தையும் விடாதீர்கள், விட்டால் பக்க எண் பிசகும். கோப்புப் பெயராக நோட்டு எண், பக்க எண் இரண்டும் போதும்: 03-017.

இனி வாசிப்பு. இதில்தான் பொறுமை வேண்டும்.

பக்க உச்சியில் ‘உ’ தனியாக நின்றால் அது பிள்ளையார் சுழி. ஓரத்தில் இருந்தால் தமிழ் எண் 2 ஆகலாம். 1 ‘க’ போலவும், 7 ‘எ’ போலவும், 8 ‘அ’ போலவும் இருக்கும். தேதிக்குத் தமிழ் ஆண்டின் பெயர் மட்டும் இருந்தால் கவனம் தேவை, 60 வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் வரும். பிரபவ என்பது 1927 சித்திரையிலும் தொடங்கியது, 1987 சித்திரையிலும் தொடங்கியது. அப்பாவின் வயதைக் கொண்டு எது என்று முடிவு செய்யுங்கள். ணை, லை, ளை, னை, ணா, றா, னா போன்றவை பழைய வடிவத்தில் இருக்கும். தமிழ்நாட்டில் 1978இல்தான் அரசு இவற்றை மாற்றியது. அதற்கு முன் படித்தவர்கள் பலர் கடைசிவரை பழைய வடிவத்தையே எழுதினார்கள்.

கையெழுத்தில் மிகவும் ஏமாற்றுவது ‘ர’வும் துணைக்காலும். இரண்டும் ஒன்றுபோலவே விழும், மெய்யின் புள்ளியும் பாதி இடங்களில் இருக்காது. இங்கே யாப்பு, அதாவது செய்யுள் இலக்கணம், கைகொடுக்கும். அடியின் உறுப்பு சீர், சீரின் உறுப்பு அசை. தனிக் குறிலோ நெடிலோ நேர் அசை, இரு குறிலோ குறிலும் நெடிலுமோ இணைந்தால் நிரை அசை, பின்னால் மெய் வந்தாலும் கணக்கு அதே. நேரில் முடியும் ஈரசைச் சீர் மா, நிரையில் முடிவது விளம், நேரில் முடியும் மூவசைச் சீர் காய். ‘நீலப் பாவை’யா, ‘நீலப் பரவை’யா? ‘நீலப்’ நேர் நேர், அதாவது தேமா என்ற மாச்சீர். வெண்பாவில் மா முன் நிரை வரவேண்டும். ‘பாவை’ நேரில் தொடங்குகிறது, தளை தட்டும், அதாவது சீர்களின் இணைப்பு பிசகும். ஆகவே ‘பரவை’, அதாவது கடல். இப்படி ஒவ்வொரு சந்தேகச் சொல்லையும் அலகிட்டுப் (அசை பிரித்துப்) பாருங்கள்: மா முன் நிரை, விளம் முன் நேர், காய் முன் நேர். எழுத்து தெளிவாக இருந்தும் தளை தட்டினால் அது அப்பா விட்ட பிழை. திருத்தாமல் அப்படியே தட்டச்சு செய்து, அடியில் குறிப்புப் போடுங்கள்.

நோட்டில் உள்ளதெல்லாம் அவர் எழுதியவை அல்ல. அடித்தல் திருத்தலும் ஓரத்தில் மாற்றுச் சொல்லும் இருந்தால் பெரும்பாலும் சொந்தப் பாட்டு. ஒரே வீச்சில் சுத்தமாக இருந்தால் படித்துப் பிடித்து எழுதி வைத்ததாக இருக்கலாம், சொந்தப் பாட்டைத் திருத்தி முடித்து எழுதிய செம்பிரதியாகவும் இருக்கலாம். முதல் அடியை, தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் மின்னூல்களில் தேடிப் பாருங்கள். அச்சிடும் எண்ணம் இருந்தால் இந்தப் பிரிப்பு கட்டாயம்: மறைந்து 60 ஆண்டு ஆகாத கவிஞரின் பாட்டுக்கு உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும். ஆனாலும் அவர் எழுதி வைத்த பிறர் பாட்டுகளைத் தனிப் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய ரசனை முழுவதும் அதில் தெரியும்.

படியெடுத்து முடித்ததும் அவருடைய வெண்பாக்களின் ஈற்றடிகளை (கடைசி அடிகளை) மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். வருடத் திதியன்று ஆளுக்கு ஓர் ஈற்றடி. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதற்குப் பாட்டுக் கட்டட்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் நேரே நாலடிக்குப் போகவேண்டாம். ஈற்றடிக்கு மேலே நாற்சீரில் ஓர் அடி சேர்த்தாலே குறள் வெண்பா. ஈற்றடி ‘நிலவே கதவைத் திற’ என்று வைத்துக்கொள்வோம்:

குலவிய பாட்டின் குரல்தேடி வந்த
நிலவே கதவைத் திற

குல, நில எதுகை. குலவிய, குரல்தேடி மோனை. பழகுகிறவர்கள் தவறுவது இரண்டடியும் சேரும் இடத்தில். ஈற்றடி நிரையில் தொடங்குவதால் மேலடி மாச்சீரில் முடியவேண்டும். ‘வந்த’ என்பதை ‘வந்திடும்’ என்று மாற்றினால் விளம் முன் நிரை வந்து தளை தட்டும். ஈற்றடி நேரில் தொடங்கினால் மேலடியின் கடைசிச் சீர் விளமாகவோ காயாகவோ இருக்கட்டும். இது கைவந்த பிறகு மேலே இன்னும் இரண்டு அடி சேர்த்து, இரண்டாம் அடியின் கடைசியில் முதலிரண்டு அடிகளின் எதுகையிலேயே தனிச்சொல் வைத்தால் நேரிசை வெண்பா.