சர்வர் ஃபேனை வீட்டு பிசிக்குக் கொண்டு வந்த கதை

டேட்டா சென்டரில் கழித்துப் போட்ட ஒரு காப்பர் ரேடியேட்டரும், 38 மிமீ தடிமனுள்ள மூன்று 120 மிமீ ஃபேன்களும் பழைய சாமான் கடையில் கிடைத்தன. என் ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் கார்டு 450 வாட் வரை இழுக்கும். அதைத் தண்ணீரால் குளிர்விக்க இவைதான் சரி என்று தோன்றியது.

மதர்போர்டில் சொருகியதும் ஃபேன் ஒரு நொடி சுற்றிவிட்டு நின்றது. கோளாறு ஃபேனில் இல்லை. அதன் லேபிளில் 12 வோல்ட், 2.7 ஆம்பியர் என்று இருந்தது. போர்டின் ஃபேன் பின்னோ 1 ஆம்பியர்தான் தரும். போர்டு தன்னைக் காத்துக்கொண்டது, நல்லவேளை.

அப்புறம் வயர்களைப் பிரித்தேன். 12 வோல்ட்டையும் கிரவுண்டையும் பவர் சப்ளையின் மோலெக்ஸ் கேபிளிலிருந்து (மஞ்சள், கறுப்பு) நேராகக் கொடுத்தேன். வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிடபிள்யூஎம் வயரும், சுற்றும் வேகத்தைச் சொல்லும் டேக்கோ வயரும் மட்டும் போர்டுக்குப் போயின. மூன்றும் முழு வேகத்தில் 8 ஆம்பியரைத் தாண்டும் என்பதால் இரண்டு கேபிள்களில் பகிர்ந்தேன். சாட்டா கனெக்டர் (ஹார்ட் டிஸ்க்குக்குப் பவர் தருவது) வேண்டாம், அதன் 12 வோல்ட் தாங்குவது 4.5 ஆம்பியர்தான். சர்வர் ஃபேன்களில் வயர் நிறமும் வரிசையும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டேட்டாஷீட்டைப் பார்க்காமல் இணைக்காதீர்கள்.

ரேடியேட்டரைக் காய்ச்சி வடித்த நீரால், கலங்கல் நிற்கும் வரை நாலைந்து முறை அலசினேன். தண்ணீர் சுற்றிவரும் லூப்பில் அலுமினியம் எதையும் சேர்க்கவில்லை. காப்பரோடு சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும்.

முழு வேகத்தில் வீடே அதிரும். 30 சதவீதத்தில் வைத்தேன், பக்கத்தில் தூங்கும் பையன் எழவில்லை. மூன்று மணி நேர ரெண்டரிங்கிலும் கார்டு தன் வேகத்தைக் குறைக்கவே இல்லை.