பழைய பக்கமே தெரிகிறதா? கேஷை இந்த வரிசையில் அழியுங்கள்

மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12 அன்று தண்ணீர் திறப்பார்கள். அந்தச் சமயத்தில் மன்னார்குடி, திருவாரூர் பக்கம் உழவர் குழுக்களின் இணையதளங்களில் நீர்மட்டம், விதை இருப்பு எல்லாம் தினமும் மாறும். வேர்ட்பிரஸில் திருத்திச் சேமித்த பிறகும் விவசாயியின் போனில் நேற்றைய நீர்மட்டமே தெரிந்தால், காரணம் பெரும்பாலும் கேஷ்தான், அதாவது வேகத்துக்காகச் சேமித்து வைக்கும் பழைய நகல்.

பக்கத்தின் நகல் கிளவுட் சர்வரிலும், நடுவிலுள்ள சிடிஎன்னிலும் (வாசகருக்கு அருகிலுள்ள சர்வர்களில் நகலை வைத்து வேகமாகத் தரும் சேவை), வாசகரின் பிரவுசரிலும் தங்கும். முதலில் சர்வரில் உள்ள கேஷ் பிளகினில் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை நிரல்) அழியுங்கள், அப்புறம்தான் சிடிஎன். மாற்றிச் செய்தால், சர்வரில் மிச்சமிருக்கும் பழைய நகலையே சிடிஎன் மறுபடி எடுத்து வைத்துக்கொள்ளும். தலைமடையில் கலங்கல் இருந்தால் கடைமடையில் தெளிவு எங்கே வரும்?

மொத்தமாக அழிக்க வேண்டாம். மாறிய பக்கமும் அதைக் காட்டும் முகப்புப் பக்கமும் போதும். எல்லாவற்றையும் அழித்தால், கூட்டம் வரும் காலை நேரத்தில் சர்வர் ஒவ்வொரு பக்கத்தையும் புதிதாகத் தயாரித்துத் திணறும்.

வாசகரின் போனில் தங்கிய நகலை நம்மால் அழிக்கவே முடியாது. அதனால் நகலை எவ்வளவு நேரம் வைக்கலாம் என்று பக்கத்தோடு சர்வர் சொல்லி அனுப்பும் கேஷ்-கன்ட்ரோல் (Cache-Control) ஹெட்டரில் மேக்ஸ்-ஏஜ் (max-age) 60, எஸ்-மேக்ஸ்ஏஜ் (s-maxage) 3600 என்று விநாடிக் கணக்கில் வையுங்கள். பிரவுசருக்கு ஒரு நிமிடம், சிடிஎன்னுக்கு ஒரு மணி நேரம். படங்களுக்கு நீண்ட காலம் கொடுக்கலாம். படம் மாறினால் கோப்பின் பெயரையும் மாற்றிவிடுங்கள், அதுதான் நிச்சயமான வழி.

கிளவுட்ஃபிளேர் என்ற சிடிஎன் சேவையை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: நாமாக விதி அமைக்காதவரை அது படம், பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் போன்ற கோப்புகளைத்தான் சேமிக்கும், எச்டிஎம்எல் பக்கங்களை அல்ல. அப்படியானால் பழைய நீர்மட்டத்தைச் சர்வரிலும் பிரவுசரிலும் தேடுங்கள்.