வைஃபை கட் ஆகுது, சார்ஜும் நிக்க மாட்டேங்குதா? ரெண்டையும் சேர்த்துப் பாருங்க

நெட்டும் ஒழுங்கா வரல, சார்ஜும் மதியத்துக்குள்ள காலின்னு சொல்றவங்க நிறைய பேர் நேரா பேட்டரி மாத்த கடைக்குப் போயிடுறாங்க, தயவுசெஞ்சு அதுக்கு முன்னாடி இதைப் படிங்க. சிக்னல் கம்மியான இடத்துல டவரை எட்டுறதுக்கு போன் அதிக பவர் செலவு பண்ணும், லைன் அறுந்துட்டே இருந்தா திரும்பத் திரும்ப தேடிட்டே இருக்கும், அது அத்தனையும் பேட்டரி கணக்குலதான் போகும். அதனால முதல்ல சிக்னல், பேட்டரி அப்புறம்.

வைஃபைல இருந்து வருவோம். வீட்ல இருக்கிற இன்னொரு போனை அதே வைஃபைல போட்டுப் பாருங்க. அதுலயும் நெட் வரலன்னா உங்க போனை நோண்டாதீங்க, ரவுட்டரை ஆஃப் பண்ணி அரை நிமிஷம் விட்டு ஆன் பண்ணுங்க, ஃபைபர் லைன்னா பாக்ஸ்ல எல்ஓஎஸ்னு போட்டிருக்கிற லைட் சிவப்பா எரியுதான்னு பாருங்க, எரிஞ்சா வெளியில கேபிள்ல ஏதோ கோளாறு, கம்ப்ளைன்ட் குடுக்கிறதைத் தவிர நாம செய்ய ஒண்ணும் இல்ல.

உங்க போன்ல மட்டும்தான்னா அந்த வைஃபை பேரைத் தொட்டு ஃபர்கெட் குடுத்துட்டு பாஸ்வேர்டை புதுசா போடுங்க. கனெக்ட் ஆகியிருக்கு ஆனா இன்டர்நெட் இல்லன்னு காட்டுதா? தேதி, நேரம் ஆட்டோமேட்டிக்ல இருக்கான்னு பாருங்க, தேதி தப்பா இருந்தா பாதி சைட், ஆப் எல்லாம் எர்ரர்தான் காட்டும். ஆண்ட்ராய்டா இருந்தா பிரைவேட் டிஎன்எஸ்-ஐயும் பாருங்க, சைட் பேரை வச்சு அது எங்க இருக்குன்னு எந்த சர்வர்கிட்ட கேக்கணும்னு சொல்ற செட்டிங் அது. விளம்பரம் வராதுன்னு யாராவது சொல்லி அதுல ஒரு அட்ரஸ் போட்டு வச்சிருப்பீங்க, மறந்தும் போயிருப்பீங்க, அந்த சர்வர் படுத்துச்சுன்னா உங்க நெட்டும் படுத்துரும். ஆட்டோமேட்டிக்னு மாத்துங்க. விபிஎன், அதாவது நெட்டை வேற சர்வர் வழியா சுத்தி விடுற ஆப், இருந்தா அதையும் ஆஃப் பண்ணிட்டுப் பாருங்க.

ஹால்ல வருது பெட்ரூம்ல வரலன்னா அது 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையா இருக்கலாம், வேகம் ஜாஸ்தி ஆனா சுவர் தாண்டுறப்போ சிக்னல் விழுந்துரும். ரூம்ல 2.4-க்கு மாறுங்க. அது தூரம் போகும், ஆனா மைக்ரோவேவ் ஓவன் ஓடுறப்போ பக்கத்துல தடுமாறும். ரவுட்டரை இரும்பு பீரோ மேலயோ டிவிக்குப் பின்னாடியோ மட்டும் வைக்காதீங்க.

இப்போ மொபைல் டேட்டா. உங்க ஏரியால 5ஜி ஒரு புள்ளி ரெண்டு புள்ளின்னு வந்து வந்து போச்சுன்னா போன் 4ஜிக்கும் 5ஜிக்கும் மாறி மாறித் தாவிட்டு இருக்கும், சூடாகும், சார்ஜ் கரையும். சிம் செட்டிங்ஸ்ல பிரிஃபர்டு நெட்வொர்க் டைப்னு இருக்கும், சில போன்ல நெட்வொர்க் மோட்னு இருக்கும், அதை 4ஜிக்கு மாத்திட்டு ஒரு நாள் பாருங்க. நிறைய பேருக்கு இது ஒண்ணுலயே வித்தியாசம் தெரியும். டவரே இல்லாத ஊர் வழியா ராத்திரி பஸ், ட்ரெயின்ல போறப்போ ஏரோப்ளேன் மோட் போட்டுட்டு தூங்குங்க.

இவ்வளவு பண்ணியும் சார்ஜ் இறங்குதுன்னா செட்டிங்ஸ், பேட்டரி, அதுல யூசேஜ் பாருங்க. நீங்க தொடாத ஆப் மேல இருந்தா அதோட பேக்ரவுண்டை ரெஸ்ட்ரிக்ட் பண்ணுங்க, வாட்ஸ்அப்பை மட்டும் பண்ணாதீங்க, மெசேஜ் லேட்டா வரும். வைஃபையை ஆஃப் பண்ணாலும் லொக்கேஷனுக்குள்ள வைஃபை ஸ்கேனிங், ப்ளூடூத் ஸ்கேனிங்னு ரெண்டு தனியா ஓடும், அதை நிறுத்துங்க. பெரிய அப்டேட் போட்ட மறுநாளே பதறாதீங்க, உள்ள வேலை நடக்கும், ரெண்டு மூணு நாள்ல அடங்கும். பேட்டரி சேவர், பூஸ்டர்னு ப்ளே ஸ்டோர்ல வர்ற ஆப் எதுவும் வேண்டவே வேண்டாம், அதுவே பின்னாடி உக்காந்து சார்ஜ் தின்னும்.

கடைசியா நெட்வொர்க் ரீசெட், அதாவது நெட் சம்பந்தப்பட்ட செட்டிங்ஸை மட்டும் புதுசு மாதிரி ஆக்குறது. போட்டோ போகாது, ஆனா வைஃபை பாஸ்வேர்ட், ப்ளூடூத் ஜோடி எல்லாம் அழியும், எழுதி வச்சுக்கோங்க.

அதுக்கப்புறமும் 30 சதவீதத்துல திடீர்னு ஆஃப் ஆகுது, ஐபோன்ல பேட்டரி ஹெல்த் 80-க்குக் கீழ இருக்குன்னா பேட்டரி தேய்ஞ்சிருச்சு, இப்போ மாத்தலாம். பின்மூடி உப்பி ஸ்கிரீன் தூக்கிட்டு வந்தா எந்த செட்டிங்கும் பாக்க வேண்டாம், சார்ஜ் போடாதீங்க, அமுக்கிப் பாக்காதீங்க, ஆஃப் பண்ணி அன்னைக்கே சர்வீஸ் சென்டர்ல குடுத்துருங்க.