பொலிஸ் சேவைக்கான பின்னணி விசாரணைக்கு ஆயத்தமாதல்

விண்ணப்பதாரர் முதலில் தமது பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு ஆகிய மூன்றையும் மேசையில் அருகருகே விரித்து, பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றில் ‘கந்தையா’ என்றும் மற்றொன்றில் ‘கந்தயா’ என்றும் இருப்பது எங்கள் பக்கத்தில் புதுமையல்ல. பிறப்புச் சான்றிதழில் பிழையிருந்தால் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவை உடனே நாடுங்கள்.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் கிழக்கிலங்கையின் கல்லாறு, கல்முனை, திருக்கோவில் கரையோரங்களிலிருந்து இடம்மாறிய குடும்பத்தவர்கள், பழைய முகவரியையும் புதியதையும் ஆண்டுகளோடு எழுதிக் கொடுப்பது நல்லது. கிராம உத்தியோகத்தரின் வதிவிட, நற்சான்றுப் பத்திரத்தில் பிரதேச செயலாளரின் மேலொப்பத்தையும் பெற்றுக்கொள்ளுங்கள்.

பழைய வழக்கு எதையும், அது தண்டப்பணத்தோடு முடிந்த மோட்டார் சைக்கிள் குற்றமாயினும், மறைக்க வேண்டாம். குற்றத்தைவிட மறைப்பே பெரிதாகப் படும் என்பது என் எண்ணம். வழக்கு இலக்கத்தையும் பற்றுச்சீட்டின் பிரதியையும் கைவசம் வைத்திருங்கள்.