ஃபைபர் செருகும் முன் நுனியைத் துடையுங்கள்

ரவுட்டரில் எஸ்எஃப்பி மாட்யூல் (ஒளி செல்லும் ஃபைபர் கேபிளை ரவுட்டருடன் இணைக்கும், கழற்றி மாட்டும் சிறு பாகம்) மாற்ற பவரை நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் ஆன்டி-ஸ்டாட்டிக் பட்டையை மணிக்கட்டில் கட்டாமல் கை வைக்காதீர்கள். நமக்கு உறைக்காத அளவு நிலைமின்சாரமே மாட்யூலைக் கெடுத்துவிடும்.

முதலில் மாட்யூல், அப்புறம்தான் ஃபைபர். கழற்றும்போது நேர்மாறாக. 'கிளிக்' என்று கேட்கும்வரை நேராகத் தள்ளுங்கள். பாதியில் இறுகினால் அழுத்த வேண்டாம். பெரும்பாலும் தலைகீழாகப் பிடித்திருப்பீர்கள்.

பலர் கோட்டைவிடுவது சுத்தம் செய்வதில்தான். சிங்கிள்-மோட் ஃபைபரில் (தொலைதூர இணைப்புக்கான மெல்லிய மையம் கொண்ட வகை) ஒளி போகும் மையம் சுமார் 9 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. அதன்மேல் ஒரு தூசி உட்கார்ந்தாலே லிங்க் விட்டுவிட்டு வரும். மூடியைக் கழற்றியதும் கிளிக் கிளீனரால் (ஃபைபர் நுனியைத் துடைக்கும் பேனா போன்ற கருவி) துடைத்து, உடனே செருகுங்கள். புது கேபிளையும் துடைக்கத்தான் வேண்டும், மூடிக்குள்ளேயே தூசி இருக்கும். நுனியை விரலால் தொடக் கூடாது. வாயால் ஊதவும் கூடாது, எச்சில் ஈரம் படியும்.

வெளிச்சம் வருகிறதா என்று நுனியைக் கண்ணருகே வைத்துப் பார்ப்பதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 1310, 1550 நானோமீட்டர் லேசர் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கும். ஒளியின் அளவைக் காட்டும் பவர் மீட்டரில் பாருங்கள்.

மிச்சக் கேபிளை உள்ளங்கை அகலத்துக்குக் குறையாத வளையமாகச் சுற்றி, வெல்க்ரோவால் தளர்வாகக் கட்டுங்கள். பிளாஸ்டிக் டை போட்டு இறுக்க வேண்டாம்.